டாம்பர் வாங்குவதற்கு முன்னால்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா தானாகவே பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். மகள் வண்டி ஓட்டப் பழகுகிறாள். ஓட்டுவதைவிட வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்தான் அவளுக்கு ஆர்வம் அதிகம், எனக்கு அதில் ரொம்பப் பெருமை. சரி, உன் வண்டிக்கு வருகிறேன்.

சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியை 75 மி.மீ. தூக்கியாயிற்று, பெரிய மட் டயரும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு நேர்ச்சாலையில் வண்டி ஒரு கோட்டில் போவதில்லை, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை, மேட்டில் ஏறி இறங்கினால் கையில் வெடுக்கென்று இழுக்கிறது, 70 கிலோமீட்டர் வேகத்தில் குழியில் விழுந்தால் முன்பக்கம் முழுக்க உதறுகிறது. நீ சொன்னதில் முக்கியமானவை இவைதானே? மெக்கானிக் பெரிய ஸ்டீயரிங் டாம்பர் (ஸ்டீயரிங் கம்பிகளின் உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்று போட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார். தயவுசெய்து அதை இப்போது வாங்காதே. நீ சொன்ன நான்குக்கும் காரணம் ஒன்றல்ல. டாம்பர் அந்த உதறலை மட்டும் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், அதற்குள் தளர்ந்துபோன இணைப்பு இன்னும் தேய்ந்து, ஒருநாள் டாம்பரையும் மீறி உதறும். உனக்கு நடக்கக் கூடாது என்று நான் பயப்படுவது அதுதான்.

முதலில் எங்கே ஆட்டம் இருக்கிறது என்று பார், கோணங்களை அப்புறம் பார்க்கலாம். ஒரு புஷ் (இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் உறை) தளர்ந்திருக்கும்போது எடுத்த அலைன்மென்ட் அளவுக்கு அர்த்தமே கிடையாது, வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அந்த எண் மாறிவிடும். அதற்கும் முன்னால் டயரைக் கவனி. காற்றழுத்தம் நான்கிலும் சரியாக இருக்கிறதா, வீல் பேலன்சிங் செய்தார்களா? பழைய டயர் செட் வீட்டில் இருந்தால் அதை மாட்டி அதே சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார், உதறல் குறைந்தால் சந்தேகம் டயர் பக்கம் திரும்பும். ஆனால் குறைந்துவிட்டதே என்று அதோடு விட்டுவிடாதே. டயர் பெரும்பாலும் உதறலைத் தூண்டிவிடுகிறது, அதைப் பெரிதாக வளரவிடுவது எங்கோ இருக்கும் தளர்ச்சி.

அந்தத் தளர்ச்சியைக் கண்டுபிடிக்க இருக்கும் சோதனைகளிலேயே எனக்கு மிகவும் நம்பிக்கையானது இது. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கால் சுற்று மாற்றி மாற்றித் திருப்பச் சொல். நீ முன்னால் படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார், கையை லேசாக வைத்துப் பார். ஸ்டீயரிங் பாக்ஸ் (வீலின் சுழற்சியைக் கம்பிகளுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) சேசிஸோடு சேர்ந்து நிற்கிறதா, அல்லது பாக்ஸே அசைகிறதா? அசைந்தால் போல்ட்டை மட்டும் பார்க்காதே, சேசிஸில் அந்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பார், பெரிய டயர் போட்ட வண்டிகளில் வருவதுதான். பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் நெம்புகை) அசைந்த அதே கணத்தில் டிராக் லிங்க் (அந்த அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) அசைகிறதா, டை ராட் எண்டில் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டில்) ஒரு தாமதம் தெரிகிறதா? டை ராட் எண்ட் குண்டு தன் கூட்டுக்குள் சுழலலாம், ஆனால் மேலும் கீழும் துள்ளக் கூடாது.

பிறகு பான்ஹார்ட் ராட். உன் வண்டி மாதிரி முன்னால் முழு ஆக்ஸிலும் (இரண்டு சக்கரத்துக்கும் பொதுவான ஒரே அச்சு) காயில் ஸ்பிரிங்கும் இருக்கும் வண்டிகளில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது இந்த ஒரே கம்பிதான், அதனால் 'டெத் வாபிள்' என்று சொல்கிறார்களே, அந்த உதறலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவதும் இதைத்தான். இரண்டு முனையிலும் போல்ட்டின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு போட்டுவிட்டு ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல். கோடு விலகினால் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சில நாளில் மறுபடி விட்டுப்போகும், சரியான விட்டத்துக்குத் துளையிட்ட தடித்த தகட்டை பிராக்கெட்டில் வெல்ட் செய்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் போல்ட் போட வேண்டும். கோடு விலகாமல் ராட் மட்டும் அசைந்தால் புஷ் போய்விட்டது.

அப்புறம் ஆக்ஸிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பாதே), சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின் பேரிங். இடவலமாகப் பிடித்து ஆட்டினால் மட்டும் ஆட்டம் தெரிகிறது என்றால் டை ராட் எண்ட் பக்கம் பார்.

இதையெல்லாம் முடிக்கும்வரை வேகமாக ஓட்டாதே. ஓடும்போது உதறல் வந்துவிட்டால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், உறுதியாகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டே வா, வேகம் போதுமான அளவு குறைந்ததும் அடங்கிவிடும்.

இனி கோணங்கள். பான்ஹார்ட் ராடின் ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டியைத் தூக்கும்போது ராட் சாய்வது அதிகமாகி, அதன் கிடைநீளம் குறைகிறது, ஆக்ஸில் சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. ராட் 900 மி.மீ. நீளம், முன்பு இரு முனைக்கும் உயர வித்தியாசம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள். 75 மி.மீ. தூக்கியதும் அது 155 ஆகிறது, கணக்குப் போட்டால் ஆக்ஸில் ஏறக்குறைய 10 மி.மீ. ஒதுங்கியிருக்கும். நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட் போட்டால் இது சரியாகிவிடும். அளக்கும்போது டயரிலிருந்து ஃபெண்டருக்கு அளக்காதே, இரண்டு பக்கமும் சேசிஸ் கட்டையிலிருந்து சக்கரத்துக்கு அள.

மேட்டில் ஏறினால் கையில் வெடுக்கென்று இழுக்கிறது என்றாயே, அதற்குக் காரணம் தூக்கிய பிறகு உன் வண்டியில் மாட்டிய டிராப் பிட்மேன் ஆர்ம்தான் (முனை கீழே இறங்கியிருக்கும் பிட்மேன் ஆர்ம்) என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் டிராக் லிங்கும் பான்ஹார்ட் ராடும் ஒரே சாய்வில், முடிந்தவரை ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது இரண்டின் முனையும் ஒரே வளைவில் நகரும், சக்கரம் தானாகத் திரும்பாது. தூக்கும்போது இரண்டும் சேர்ந்தே சாய்ந்தன, அந்த இணை கெடவில்லை. பிறகு டிராப் பிட்மேன் ஆர்ம் போட்டு டிராக் லிங்கை மட்டும் படுக்கவைத்துவிட்டார்கள், பான்ஹார்ட் ராட் சாய்ந்தபடியே நிற்கிறது. இப்போது ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு முறையும் பான்ஹார்ட் ஆக்ஸிலை ஒரு அளவு தள்ளுகிறது, டிராக் லிங்க் வேறு அளவு தள்ளுகிறது, அந்த வித்தியாசம்தான் உன் கைக்கு வருகிறது. பழைய பிட்மேன் ஆர்மையே திரும்பப் போடு, இல்லையென்றால் பான்ஹார்டின் சேசிஸ் பிராக்கெட்டையும் அதே அளவு கீழே இறக்கு. பிராக்கெட்டை இறக்கினால் அதன் மேல் வரும் நெம்பு விசை கூடும், நன்றாகக் குறுக்குத் தாங்கல் கொடுத்தது வேண்டும். என்னைக் கேட்டால் பழைய ஆர்ம்தான்.

ஸ்டீயரிங் வீல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதைக் கழற்றி ஸ்ப்ளைனில் (வீல் பொருந்தும் தண்டின் பற்களில்) ஒரு பல் தள்ளி நேராக மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உன்னுடைய மாதிரி ஸ்டீயரிங் பாக்ஸ்களில் நடுநிலையில்தான் பற்கள் இறுக்கமாகக் கடித்திருக்கும், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் தளர்வு உண்டு. வீலை மட்டும் நேராக்கினால் பார்வைக்கு நேர், ஆனால் உள்ளே பாக்ஸ் ஓரமாகவே நின்று, நேர்ச்சாலையில் ஓட்டும்போதெல்லாம் அந்தத் தளர்வான இடத்திலேயே ஓடும். முதலில் பான்ஹார்டைச் சரிசெய்து ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவா, பிறகு டிராக் லிங்க் நீளத்தை மாற்றி வீலை நேராக்கு. வரிசை மாறினால் இரண்டு முறை வேலை.

கடைசியாக, நேராகப் போகாததும் திருப்பினால் மீளாததும். இது கேஸ்டர். சைக்கிளின் முன் கவட்டை பின்னால் சாய்ந்திருப்பதைப் போல சக்கரம் திரும்பும் அச்சு மேலே பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக்கிக்கொண்டே இருக்கிறது. உன் வண்டியில் இருப்பது ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேசிஸோடு முன்பின்னாகப் பிடிக்கும் கை), ஜிம்னியிலும் லேண்ட் க்ரூசர் 80-லும் இருக்கும் அதே அமைப்பு. ஆர்ம் ஆக்ஸிலோடு இறுகப் பிணைந்திருப்பதால், சேசிஸ் முனை உயரும்போது ஆக்ஸிலும் சேர்ந்து சுழல்கிறது. ஆர்மும் 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 75 மி.மீ. தூக்கியதில் ஏறக்குறைய 5 டிகிரி போயிருக்கும். முன்பு 3 டிகிரி பாசிட்டிவ் இருந்திருந்தால் இப்போது 2 டிகிரி நெகட்டிவ். வண்டி அலையாமல் என்ன செய்யும்! ஆஃப்செட் கேஸ்டர் புஷ் (துளை நடுவிலிருந்து விலகியிருக்கும் புஷ்) பொதுவாக 2, 3 டிகிரிதான் மீட்டுத்தரும், உனக்கு அது பாதி வழி. ஆர்மின் சேசிஸ் பிராக்கெட்டை இறக்குவது, அல்லது கோணம் திருத்திச் செய்த ஆர்ம் வாங்குவது, இரண்டில் ஒன்று வேண்டும். கீழே இறங்கும் பிராக்கெட் பாறையில் தட்டும், நீ பாறை ஏறுகிறவன், அதனால் ஆர்மையே யோசி.

இதில் ஒன்று பலர் கவனிப்பதில்லை. ஆக்ஸிலைப் பின்னோக்கிச் சுழற்றி கேஸ்டரைக் கூட்டும்போது டிஃபரென்ஷியலின் மூக்கும் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே இறங்கும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்டில் (முன் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) இரண்டு முனையிலும் ஒற்றை யூ ஜாயிண்ட் (வளையும் மூட்டு) இருந்தால் இது நல்லதுதான், தூக்கியதில் கெட்டுப்போன, இரண்டு ஜாயிண்டும் ஒரே அளவு வளையும் கோணம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பக்கம் இரட்டை ஜாயிண்ட் இருக்கும் ஷாஃப்ட் என்றால் மூக்கு ஷாஃப்டை நேராகப் பார்த்து நிற்க வேண்டும், கேஸ்டரை முழுதாக மீட்டால் அதிர்வு வரும், எங்கோ நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். உன்னுடையது எது என்று எட்டிப் பார்த்துச் சொல்.

டோ (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, 2 மி.மீ. டோ-இன், அதாவது உள்நோக்கி, அளவில் வைத்தால் பெரும்பாலும் போதும். அலைன்மென்டில் பின் ஆக்ஸில் நேராக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல், இடது வலது வீல்பேஸ் அளவு வித்தியாசமாக இருந்தால் முன்னால் என்ன செய்தாலும் வண்டி சாய்ந்தே ஓடும். ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்கவிடாதே. வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

உன் மச்சான் பிக்கப்பைத் தூக்குவது பற்றிக் கேட்டிருந்தாய். அது முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், கதையே வேறு. டார்ஷன் பாரை (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கித் தாங்கும் கம்பி) திருகி ஏற்றினால் உயரம் வரும், ஆனால் சக்கரம் கீழே தொங்க மிச்சம் இடமிருக்காது, சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டான சிவி ஜாயிண்ட்டின் கோணமும் கூடிவிடும். கொஞ்சமாக ஏற்றி, உடனே அலைன்மென்ட் செய்யச் சொல்.

இந்த வாரம் முடிந்தால் மூன்றை அளந்து அனுப்பு. இரண்டு பக்கமும் ஆக்ஸில் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது, கேஸ்டர் எவ்வளவு, முன்னாலிருந்து எடுத்த ஒரு படம், அதில் டிராக் லிங்கும் பான்ஹார்டும் முழுதாகத் தெரிய வேண்டும். சாக்பீஸ் கோடு விலகியதா என்பதை மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே போன் செய்து சொல். அப்பாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்