அழுத்தம் விழும் அசையையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வரும் பேச்சு ஆங்கிலத் தொடரை விடாமல் படிப்பவள் நான். செவிலியர் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது நாகர்கோவிலில் என் வீட்டில் வைத்து, வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் செவிலியர் பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் தொடரைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. அவ்வளவு நம்பிக்கையோடு படிக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போடுகிறீர்கள். நல்ல உதவி. ஆனால் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பது அதில் இல்லை. அதையும் சேர்த்து அச்சிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று கணக்கு இருக்கிறது. ஆனால் சொல்லின் எந்த இடத்தை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. மருத்துவமனை என்பதில் எந்த எழுத்தை அழுத்தினாலும் அது மருத்துவமனைதான். ஆங்கிலம் அப்படியில்லை. அங்கே அழுத்தம் விழும் அசை உரத்து, நீண்டு, குரல் சற்று ஏறி ஒலிக்கும். மற்ற அசைகளின் உயிர் தேய்ந்து, பாதி முனகலாகப் போய்விடும். பனானா என்று நாம் எழுதும் சொல்லில் நடு அசை மட்டும்தான் முழுதாக ஒலிக்கும், முன்னும் பின்னும் இருப்பவை வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அந்த ஓங்கிய அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லையே அடையாளம் காண்கிறார்கள். அது இடம் மாறிவிட்டால், மற்ற எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் சொல் அவர்கள் காதில் ஏறாது.

ஆஸ்பத்திரியில் தினமும் புழங்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அலர்ஜி என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதே சொல் அலர்ஜிக் ஆகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். எமர்ஜென்சி, தெர்மாமீட்டர் இரண்டிலும் இரண்டாம் அசை. கத்தீட்டர் என்று நம் வார்டுகளில் நடுவை நீட்டிச் சொல்கிறோம். உண்மையில் முதல் அசைதான் ஓங்கும், நடு அசை தேயும். டயபடீஸ் என்பதில் 'பீ' என்று நீண்டு ஒலிக்க வேண்டிய அசையில் அழுத்தம். இதையெல்லாம் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யவும் வேண்டியதில்லை. 'ஷன்' என்று முடியும் சொல்லில் அதற்கு முந்திய அசை ஓங்கும்: ஆபரேஷன், இன்ஃபெக்‌ஷன், மெடிகேஷன். 'இக்' என்று முடியும் பெரும்பாலான சொற்களிலும் அப்படியே. இந்த ஒரு விதியை உங்கள் தொடரில் ஒரு வாரம் போட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் சரியாகிவிடும்.

எண்களில் இது விளையாட்டே இல்லை. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் அசையை அழுத்தித்தான் சொல்கிறார்கள். கடைசி 'ன்' முகக்கவசத்துக்குள் அமுங்கிவிட்டால், 15 மில்லிகிராமா 50 மில்லிகிராமா என்று கேட்பவருக்குத் தெரியாது. தனியாகச் சொல்லும்போது ஃபிஃப்டீன் என்பதில் இரண்டாம் அசை ஓங்கி நீள வேண்டும். சிக்கல் என்னவென்றால், பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து ஒட்டும்போது வெள்ளைக்காரர்களே அந்த அழுத்தத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் மருந்தளவை வாயால் சொல்லும்போது 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் சீரோ' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். என் மாணவிகளிடம் நான் கண்டிப்பாகக் கேட்பதும் இதைத்தான்.

மருந்துப் பெயர்களும் அப்படியே. டோபமின், டோபியூட்டமின் இரண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்துகள். முதல் பெயரில் அழுத்தம் முதல் அசையில், அடுத்ததில் இரண்டாம் அசையில். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே 'ப'தான் இருக்கிறது, ஆனால் முதல் மருந்தில் வருவது 'அப்பா'வில் வரும் ப, இரண்டாவதில் 'தம்பி'யில் வரும் ப. இந்த இரண்டையும் எழுத்தில் பிரித்துக் காட்ட, வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய ஆங்கில எழுத்தில் அச்சிடும் வழக்கம் மருந்துலகில் இருக்கிறது. கண்ணுக்காக அவர்கள் அதைச் செய்கிறார்கள். காதுக்காக நீங்கள் செய்யலாம் என்கிறேன்.

இந்த 'ப' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ஆங்கில 'ப' வெறும் உதட்டால் முடிவதில்லை, கூடவே ஒரு மூச்சு வெளியே பாய வேண்டும். நம் 'பல்', 'பாய்' எதிலும் அந்த மூச்சு கிடையாது. மூச்சில்லாமல் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு அது 'தம்பி'யின் ப போலக் கேட்கும். நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கும் 'பெயின்' வேறு ஏதோ சொல்லாக மாறிவிடும். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். காகிதம் அசைந்தால் சரி. சொல்லின் முதலில் வரும் 'க', 'ட' ஒலிகளுக்கும் இதே மூச்சு தேவை.

அப்புறம் 'வ'. பல்லும் உதடும் சேர வகாரம் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு வகாரம். ஒன்றுக்குப் பல் உதட்டில் பட்டு உரச வேண்டும், மற்றதற்குப் பல் பக்கத்திலேயே வரக்கூடாது. ஊசி மருந்துக் குப்பியான வயல், 'அந்த நேரத்தில்' என்ற பொருளில் வரும் வயில், இரண்டையும் நாம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். இரண்டாவதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி: உதட்டைக் குவித்து 'ஊ' என்று தொடங்கி, அப்படியே அடுத்த உயிருக்குள் போங்கள். பல்லை மறந்துவிடுங்கள். ஒரே மாலையில் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சொல்லின் கடைசியில் 'உ' சேர்ப்பதை வைத்து நம் பிள்ளைகளைக் கேலி செய்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. பெட்டு, பேகு, கப்பு என்று வாய் தானாக ஒரு குற்றியலுகரத்தைச் சேர்ப்பது நாக்கு கற்ற இலக்கணம். அதைச் சோம்பல் என்றும் பட்டிக்காடு என்றும் சிரித்தால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் திருத்தவும் வேண்டும். ஓரசைச் சொல் இரண்டசை ஆகிவிடுவதால் கேட்பவர் தடுமாறுகிறார். இறந்தகால வினைகளிலும் இந்தக் கவனம் வேண்டும். 'நடந்தார்' என்பதற்கு வாக்ட், 'அழைத்தார்' என்பதற்கு கால்ட், எல்லாம் ஓரசை. ஆங்கில 'ட' ஒலிகளில் (t, d) முடியும் வான்ட் மாதிரிச் சொற்களுக்கு மட்டுமே கூடுதலாக ஓர் அசை வந்து வான்டிட் ஆகும். உங்கள் தொடரில் ஒருமுறை 'வாக்கெட்' என்று வந்ததைப் பார்த்தேன். தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள், பிள்ளைகள் அதையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் ஏற்கனவே இருக்கும் ஓர் ஒலியைப் பற்றியும் எழுத ஆசை. ஆங்கில 'ட'வுக்கு நாக்கு நம் 'ட'வைப் போல் மேலே மடங்காது, 'த'வைப் போல் பல்லையும் தொடாது. மேற்பல்லுக்குச் சற்று உள்ளே இருக்கும் பல் ஈறின் மேட்டைத் தொடும். காற்று, வெற்றி என்பவற்றின் 'ற்ற'வை ஈழத்தமிழர்கள் அந்த இடத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் மேற்கே, மலையாளம் கலந்து புழங்கும் ஊர்களிலும் அந்த ஒலியைக் கேட்கலாம். கனடாவின் டொரான்டோ நகரத்தின் பெயரை ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்று எழுதுவதன் காரணமும் இந்த ஒலிதான். ஆக, தமிழுக்குப் புதிதில்லாத ஓர் ஒலியை வெளிநாட்டு வித்தை போலக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்கள்.

காசு என்றதும் அந்த விளம்பரங்கள் நினைவுக்கு வருகின்றன. 'முப்பது நாளில் அமெரிக்க ஆக்சென்ட்'! அதில் சேர்ந்துவிட்டு வரும் பிள்ளைகள் நாக்கைச் சுருட்டிச் சுருட்டிப் பேசுகிறார்கள். அழுத்தம் பழைய இடத்திலேயே இருக்கிறது, சொல்லின் கடைசி மெய்யும் வருவதில்லை, முன்பைவிடப் புரிவதும் குறைந்துவிடுகிறது. எந்தத் தேர்வும் ஆக்சென்ட் கேட்கவில்லை. மருத்துவப் பணியாளர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் ஓ.இ.டி. தேர்வின் பேச்சுப் பிரிவில், நோயாளியிடம் பேசுவது போன்ற இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம். அங்கே பார்ப்பது பேச்சு எளிதாகப் புரிகிறதா என்பதை. வெளிநாடு செல்வோர் எழுதும் பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதில் மதிப்பெண்ணின் நான்கில் ஒரு பங்கு உச்சரிப்புக்கு, அதுவும் தெளிவுக்கே. பிரிட்டன் மருத்துவமனைகளில் பிலிப்பைன்ஸ்காரர்களும் நைஜீரியர்களும் மலையாளிகளும் அவரவர் ஊர்ச் சாயலோடுதான் வேலை செய்கிறார்கள். தமிழ்ச் சாயல் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. நோயாளிக்குப் புரியாமல் போவதுதான் குறை.

பயிற்சிக்குப் பணமே தேவையில்லை. முதலில் காது பழக வேண்டும், நாக்கு அதற்குப் பிறகுதான். வேறுபாடு கேட்காத ஒலியை வாயால் பிரித்துச் சொல்ல முடியாது. விடுதியில் இரண்டு பேர் முதுகோடு முதுகு உட்கார்ந்து, ஒருவர் வயல், வயில் என்று மாற்றி மாற்றிச் சொல்ல, மற்றவர் கேட்டதை எழுத வேண்டும். எழுதியது தப்பினால் சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்து திருத்திக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசம், பிரிட்டிஷ் ஒலி, அமெரிக்க ஒலி இரண்டும் பெரும்பாலான சொற்களுக்கு இருக்கிறது. சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிக்குறிப்பில் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு மேலே தெரியும். அதற்கு அடுத்து வரும் அசைதான் ஓங்க வேண்டியது. பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் ஒலிபரப்பில் ஒரே ஒரு நிமிடத்தை எடுத்து, பேசுபவரோடு கூடவே பேசி, அதைக் கைபேசியில் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சினிமா வேண்டாம். பின்னணி இசைக்கு நடுவே கடைசி மெய்கள் காதில் விழாது.

பள்ளிக்கூடத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே போகிறது. வாய் திறந்து பேசாமலே நூற்றுக்கு நூறு வாங்கலாம். அந்தப் பிள்ளைதான் பிறகு நேர்காணலில் நடுங்குகிறது. அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் கணினிகளும் வந்துவிட்ட பிறகும், வாரத்தில் ஒரு வகுப்பைக் கேட்டுப் பேசிப் பழக ஒதுக்க என்ன தடை என்று கல்வித்துறையை உங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது இன்னும் எளிது. உச்சரிப்பை அச்சிடும்போது அழுத்தம் விழும் அசையை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். 'தம்பி'யின் ப வரும் இடத்தில் எழுத்தின் கீழே ஒரு கோடு இடுங்கள். இரண்டு வகாரத்துக்கும் இரண்டு குறி வைத்து, பக்கத்தின் மூலையில் குறி விளக்கம் கொடுங்கள். மருத்துவமனையில் புழங்கும் சொற்களை இந்த முறையில் குறியிட்டு ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் அடுத்த தபாலிலேயே அனுப்புகிறேன். பெயர் போட வேண்டாம், பணமும் வேண்டாம். தொடரில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர்,
நாகர்கோவில்.