கல்லில் நெளியும் பாம்புகள்

ஆசிரியருக்கு,

நான் உளி பிடித்துப் பிழைப்பவன். உஸ்பெகிஸ்தானின் சோக் பகுதியில் கிடைத்த இரட்டைப் பாம்புக் கற்சிற்பத்தின் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்கவில்லை. ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழைமை! குளோரைட் மென்மையான கல்தான், குடைவது எளிது. ஆனால் அந்த நெளிவு கல்லின் தயவால் வந்ததல்ல, பாம்பை உற்றுப் பார்த்த கண்ணால் வந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் மத்திய ஆசியாவில் செழித்த ஆக்சஸ் பண்பாட்டின் நகரமான, துருக்மெனிஸ்தானின் கோனூர் தேப்பேயில் தொல்லியலாளர் விக்டர் சரியானிதி பல ஆண்டுகள் முறையாக அகழ்ந்தார். அதே பண்பாட்டைச் சேர்ந்த ஆப்கானிஸ்தான் கல்லறைகளோ 1970களில் சூறையாடப்பட்டன. கற்கிண்ணங்களும் விலங்கு முத்திரைகளும் காபூல் கடைவீதியில் விலைபோயின. எந்தக் கல்லறையில், யார் அருகில் இருந்தன என்பது அத்தோடு அழிந்தது. இது எனக்குப் பொறுக்கவில்லை. கண்டெடுத்த இடம் தெரியாத இத்தகைய பொருள்களை அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் வாங்கவே கூடாது.

இப்படிக்கு,
ஒரு கற்சிற்பி