முள் நடுவில் நின்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார வாகனப் பக்கத்தில், "டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கும்வரை எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று போட்டிருந்தீர்கள். மன்னார்குடிப் பட்டறைகளில், சூட்டில் வளைந்த எஞ்சின் ஹெட்டைச் சமன்செய்யும் ஹெட் ஃபேஸிங் வேலை குறைந்துவிடக் கூடாதென்று தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.

முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொட்டிப்போனால் அதன் முனை வெறும் ஆவியில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். போதாததற்கு, இப்போதைய வண்டிகள் பலவற்றில் சுமார் 80 டிகிரியிலிருந்து 100 வரை முள் அசையாதபடிதான் அமைத்தே கொடுக்கிறார்கள். முள்ளே இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிக்காரர் எதைப் பார்த்துக் கவலைப்படாமல் இருப்பது?

ஏறிய முள்ளையும் அப்படியே நம்ப முடியாது. ஒற்றை ஒயர் சென்சார் உள்ள பழைய வண்டியில், ஹெட்லைட் போட்டதும் முள் துள்ளினால் அது சூடு இல்லை, எர்த் கோளாறு. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். நாகை, வேதாரண்யம் வண்டி என்றால் கடல் உப்புக் காற்றில் பச்சையாகப் பூத்திருக்கும். புதிய வண்டிக்கு, அதன் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 காட்டினால் ஒயர் அறுந்திருக்கும், அல்லது சென்சாரின் கனெக்டர் கழன்றிருக்கும். சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால், பல வண்டிகளில் 30 டிகிரியில் 1,700 ஓம் அளவில் இருக்கும் மின்தடை 80 டிகிரி வெந்நீரில் 300 பக்கம் இறங்கும். இறங்காவிட்டால்தான் சென்சாரை மாற்ற வேண்டும்.

கோடைச் சிறப்பிதழில், எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னதும் இதே பக்கம்தான். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகவே நேரமாகும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறதென்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் போதும் என்றீர்களே, எங்கள் கடலோரப் போரின் உப்பு ரேடியேட்டர் குழாயில் எப்படிப் படியும் என்று தங்களுக்குத் தெரியாததா?

எழுதுகிறவர் தை மாதத்தில் ஒருமுறை திருத்துறைப்பூண்டிச் சாலைப் பக்கம் வரட்டும். ரோட்டில் காயும் நெல்லின் பதரும் சுணையும் பறந்துபோய் ஏசி கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் மெத்தைபோல் அடைந்துகிடக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படி அடைத்த வண்டி டவுனில் ஒழுங்காக ஓடிவிட்டு பைபாஸில் ஹீட் ஏறும். மாறாக, நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனையும் அதற்குக் கரன்ட் விடும் ரிலேயையும் பாருங்கள். தண்ணீர் அடிப்பதென்றால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவாக அடிக்க வேண்டும். பிரஷர் பம்ப்பை வைத்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இத்தனைக்கும் மேல் அந்தப் படம்! ஆவி பறக்கும் வண்டியின் ரேடியேட்டர் மூடியை ஒருவர் துணி சுற்றித் திறக்கிறார். 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடிக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.

அடுத்த இதழில், ஹோஸ் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி.