எலுமிச்சைச் சாற்றில் புழு சாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமைக்காத மீனை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்து உண்ணும் செய்முறைகள் சமையல் பக்கங்களிலும் காணொளிகளிலும் அடிக்கடி இடம்பெறுகின்றன. புளிப்பில் ஊறிய சதை வெளுத்து இறுகிவிடுவதால், அது வெந்த மீனுக்குச் சமம் என்று அவற்றில் துணிந்து சொல்லிவிடுகிறார்கள். கடல் மீனுக்கே இது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆறு, ஏரி, குளங்களில் பிடிபடும் நன்னீர் மீனுக்கு அறவே பொருந்தாது.

கெண்டை இனத்து மீன்களின் சதையில், கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் கண்ணுக்குத் தெரியாத உறைக்குள் அடங்கியிருக்கும். மலத்துடன் நீரில் கலக்கும் முட்டையை நத்தை விழுங்க, அதன் உடலில் பெருகி வெளிவரும் நுண்புழு, மீனுக்குள் துளைத்துப் புகுந்து இவ்வாறு உறை கட்டிக்கொள்கிறது. மீன் தின்னும் பூனையும் நாயும்கூட இம்முட்டைகளை வெளியேற்றுவதால், மனிதருக்குக் கழிப்பறை கட்டிக்கொடுப்பதால் மட்டும் இச்சுழற்சி அறுந்துவிடாது. அந்த மீனை உண்டவரின் இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்கு வந்த பிறகே உறை திறக்கிறது. புழு அங்கிருந்து பித்தநாளத்துக்குள் ஏறுகிறது. இரைப்பை அமிலத்துக்கே தாக்குப்பிடிக்கும் உறையை, கிண்ணத்தில் பிழிந்த எலுமிச்சை என்ன செய்துவிடும்? மிளகாயும் மதுவும் அப்படித்தான்.

பித்தநாளத்தில் குடியேறிய புழு 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக்கூடும். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. ஆனால் நாள்பட்ட அழற்சி பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடுகிறது. லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் பரவலாக உள்ள ஓபிஸ்தோர்கிஸ் விவெரினி என்ற புழுவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதிசெய்யப்பட்ட முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. சீனாவிலும் கொரியாவிலும் காணப்படும் குளோனார்கிஸ் சைனென்சிஸ் 2009இல் அதே பிரிவுக்கு வந்தது. உலகிலேயே இப்புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளுள் வடகிழக்குத் தாய்லாந்து ஒன்று. குளிர்நாட்டு ஏரி மீன்கள் வழியாக வரும் நாடாப்புழு, 10 மீட்டர் வரைகூட வளர்ந்தாலும், இவ்வளவு கொடியதன்று. சிலருக்கு வைட்டமின் பி12 குறைபாட்டையும் ரத்தசோகையையும் உண்டாக்குகிறது.

பிராசிகுவாண்டல் மாத்திரை இருக்கிறதே என்று சிலர் வாதிடலாம். அது உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, அடுத்த தொற்றைத் தடுக்காது. மாத்திரையை விழுங்கிவிட்டுப் பழையபடியே உண்பவருக்குப் புழு மீண்டும் வருகிறது. ஏற்கெனவே தடித்துப்போன பித்தநாளம் பழைய நிலைக்கு எளிதில் திரும்புவதில்லை.

மீனின் உட்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டும்படி வேகவைப்பதே நம்பத்தக்க வழி. சமைக்காமல் பரிமாறுவதானால் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள்கள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையச்செய்து 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. சமைக்காத மீனை அறுத்த கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறி நறுக்கினால், இத்தனை கவனமும் வீண்.

ஆகவே, இத்தகைய செய்முறைகளை வெளியிடும்போது, எந்த வகை மீன், அதை எத்தனை டிகிரியில் எத்தனை நாள் உறையவைத்திருக்க வேண்டும் என்பதையும் செய்முறைக்குள்ளேயே அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்னீர் மீனைச் சமைக்காமல் உண்ணச் சொல்லும் செய்முறையாக இருந்தால், அதை வெளியிடாமல் தவிர்ப்பதே முறை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்