ரபாய் என்றால் அர்ச்சகரா என்று கேட்டாயே

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று இங்கே யூதப் பண்டிகைகள் வரிசையாக வந்ததில் ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. இப்போது நடப்பது பண்டிகையே இல்லாத மாதம். அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

"உங்க ரபாய் நம்ம ஊர் அர்ச்சகர் மாதிரியா? தட்டுக்காசா, சம்பளமா?" என்று கேட்டிருந்தாய். நியூ ஜெர்சியில் இந்த சினகாகுக்கு, அதாவது யூதர்களின் கோயிலுக்கு, கணக்கு எழுத வந்த புதிதில் நானும் அர்ச்சகர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அர்ச்சகர் இல்லை, வேதம் படித்துச் சொல்லிக்கொடுக்கிற ஆசான். யூதர்களின் வழிபாட்டுக்கு ரபாய் இருந்தே தீர வேண்டும் என்று விதி கிடையாது. பெரியவர்கள் பத்துப் பேர் கூடினால் போதும், ஜெபம் தெரிந்த யாரும் முன்னால் நின்று நடத்தலாம். பாடி நடத்த எங்களிடம் கேன்டர் ஒருவரும் இருக்கிறார். அப்புறம் இந்த அம்மாவுக்கு என்னதான் வேலை என்பாய். ஆமாம், எங்கள் ரபாய் ஒரு பெண். யூதர்களில் பல பிரிவு உண்டு, எங்கள் சபை கன்சர்வேடிவ் பிரிவு. இதில் 1985-இல்தான் ஏமி ஐல்பெர்க் என்பவர் முதல் பெண் ரபாய் ஆனார். பழைய முறைகளை விடாத ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலும் இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குச் சனிக்கிழமை உரை மட்டும்தான் தெரியும். அவர்கள் வேதமான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து வருஷம் முழுக்க வாசிக்கிறார்கள். அந்தந்த வாரப் பகுதியை ஒட்டி உரை, பெரியவர்களுக்கு வகுப்பு, பார் மிட்ஸ்வா என்கிற வயதுக்கு வரும் சடங்குக்குத் தயாராகும் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளோடு தனித்தனியாக உட்காருவது என்று ஓடுகிறது. ஒரு பையனுக்குப் பலி கொடுக்கும் முறைகளைச் சொல்லும் அத்தியாயம் வந்து வாய்த்துவிட்டது. இதைப் பற்றி என்ன பேசுவது என்று அழாத குறையாக வந்தான். "இதில் உனக்கு எது பிடிக்கவில்லையோ அதையே பேசு, நான் வந்து கேட்கிறேன்" என்றார் ரபாய். கதவு திறந்திருந்ததால் என் காதில் விழுந்தது.

ஆனால் வேலையின் பெரும்பகுதி இதெல்லாம் இல்லை. ஷபாத் என்கிற சனிக்கிழமை ஓய்வு நாளில் எழுதக்கூடாது, போனைத் தொடக்கூடாது. வழிபாடு முடிந்து சாப்பாட்டுக்குக் கூடும்போது எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். கையில் தட்டை வைத்துக்கொண்டே ஒருவர், அம்மாவுக்கு ஆபரேஷன் என்பார். இன்னொருவர் காதோடு, வேலை போய்விட்டது என்பார். எதையும் குறித்துக்கொள்ள முடியாது, எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். இருட்டி, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஷபாத் முடிந்த பிறகுதான் அத்தனையையும் எழுதி வைக்கிறார். ஞாயிறு காலையில் மெயிலைத் திறந்தால் எனக்கு ஒரு பட்டியல் இருக்கும். இந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆள் பார், அந்தக் குடும்பத்துக்குச் சந்தா நினைவூட்டல் இப்போது அனுப்பாதே. காரணம் எழுத மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

சாவு வந்துவிட்டால் வாரத் திட்டமெல்லாம் கலைந்துவிடும். கூடுமானவரை மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடக்கம் செய்துவிடுவார்கள். அதற்குள் குடும்பத்தாரோடு உட்கார்ந்து, இறந்தவர் என்ன சமைப்பார், எதற்கெல்லாம் கோபப்படுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் இரங்கல் உரை எழுதுகிறார். கார் டிக்கியில் சேறு அப்பிய பூட்ஸ் ஒன்று எப்போதும் கிடக்கும், கல்லறைத் தோட்டத்துக்கு. ஒரு முறை நானும் போயிருந்தேன். அலங்காரமில்லாத மரப்பெட்டி. சொந்தக்காரர்களே மண் தள்ளினார்கள். முதலில் மண்வாரியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் தள்ளினார்கள், மனசில்லாமல்தான் செய்கிறோம் என்று காட்டுவதற்காம். மண்வாரியைக் கைக்குக் கை மாற்றுவதும் இல்லை. ஒருவர் மண்ணில் குத்தி வைக்க, அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். மகனுக்குக் கை நடுங்கியது. ரபாய் அவர் பக்கத்தில் தோளோடு தோள் உரச நின்றார், மண்வாரியை மட்டும் வாங்கவில்லை.

பிறகு ஏழு நாள் துக்கம். பெற்றோர் போயிருந்தால் பிள்ளைகள் பதினொரு மாதம் கத்தீஷ் ஜெபம் சொல்கிறார்கள். வருஷா வருஷம் நம்ம திதி மாதிரியே எபிரேய நாட்காட்டிப்படி நாள் பார்த்து நினைவுகூர்கிறார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலை வாரம் தவறாமல் எடுத்துத் தருவது என் வேலை.

என் அப்பா போன செய்தி வந்து டிக்கெட் கிடைக்காமல் நான் தவித்த ராத்திரி, ரபாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். துக்கப்படுகிறவர் பேசும் வரை வந்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நான் யூதப் பெண் இல்லையே. ஆனாலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பேச ஆரம்பித்த பிறகுதான், "உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுதிப் புரிய வைக்க முடியாதுடி.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளம்தான், ஒப்பந்தம் போட்டு. ஆனால் இதில் பழைய சண்டை ஒன்று உண்டு. தோராவைச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு நடத்தக்கூடாது என்பது மிஷ்னா என்கிற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் காலத்துக் கருத்து. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியம் பார்த்த யூத அறிஞர் மைமோனிடிஸ், சம்பளம் வாங்கும் ரபாய்களைக் காட்டமாகவே கண்டித்தார். 1391-இல் ஸ்பெயின் பக்கத்து மயோர்க்கா தீவில் யூதர்களைத் தாக்கியபோது சிமோன் துரான் என்பவர் அல்ஜியர்ஸுக்குத் தப்பி ஓடினார். அவரும் வைத்தியர்தான், அங்கே அந்தத் தொழில் சோறு போடவில்லை. ரபாயாகச் சம்பளம் வாங்கினார், அது நியாயமே என்று வாதாடியும் எழுதினார். கற்றுத் தருவதற்குக் கூலி இல்லை, வேறு தொழில் பார்க்க முடியாமல் போகும் நேரத்துக்கு ஈடு என்றுதான் பொதுவாகச் சமாதானம் சொல்கிறார்கள். மாதாமாதம் செக் போடுகிற எனக்கு இந்த விளக்கம் சரியாகவே படுகிறது. தட்டில் விழுவதை நம்பியிருந்தால், சந்தா கட்ட முடியாத வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஒரே மாதிரி போய் உட்கார ஒருவரால் முடியுமா?

அவர் கையில் உதவி நிதி ஒன்றும் இருக்கிறது. அதிலிருந்து யாருடைய கரண்ட் பில்லுக்கோ, வாடகைக்கோ செக் போகும். யாருக்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

எனக்குக் கவலை தருவது வாசல் கதவுதான். 2018-இல் பிட்ஸ்பர்க் சினகாகில் ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். 2022 ஜனவரியில் டெக்சாஸ் கோலிவில்லில், குளிரில் வந்து நின்ற அந்நியனை உள்ளே அழைத்து டீ போட்டுக் கொடுத்தார் ரபாய் சார்லி சைட்ரன்-வாக்கர். அவனே துப்பாக்கியைக் காட்டி அவரையும் மூன்று பேரையும் பிடித்து வைத்தான். பல மணி நேரம் கழித்து ரபாய் அவன் மேல் நாற்காலியைத் தூக்கி வீசி, இருந்தவர்களோடு தப்பித்தார். எங்கள் வாசலிலும் இப்போது கேமரா, பூட்டு, காவலாள். எல்லாம் வேண்டியதுதான் என்று ரபாயும் சொல்கிறார். ஆனால் காவலாளுக்குப் பக்கத்தில் வருகிறவர்களைப் பேர் சொல்லி வரவேற்க சபை ஆள் ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்று கமிட்டியில் விடாமல் பேசி வாங்கிவிட்டார். போன சனிக்கிழமை அந்த முறை என்னுடையது.

பொங்கலுக்கு ஊருக்கு வரலாம் என்றிருக்கிறோம். ரபாய் லீவுக்குச் சரி என்றுவிட்டார், வருஷக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழி