எடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போடுங்கள்

சென்னையில் உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்யும் அரசு, தனியார் மருத்துவமனைகளின் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

ஆபரேஷன் முடிந்தவர்களின் ரிவ்யூ அட்டையில் வழக்கமாக மூன்று எண்கள்தான் இருக்கும்: எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி). மூன்றும் இறங்கிவிட்டால் வெற்றி என்று எழுதிவிடுகிறோம். விளம்பரப் பலகையில் போடும் 'முன்', 'பின்' படங்களுக்கு அது போதும். சர்க்கரை நோயாளிக்குப் போதாது. தசை என்ன ஆயிற்று என்று அந்த மூன்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை.

இன்சுலின் உந்தும் குளுக்கோஸில் எழுபது, எண்பது சதவீதம் வரை எலும்புத் தசைக்குள்தான் போகிறது என்பது, இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றி அளக்கும் கிளாம்ப் பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் மாறுவது தசை அல்ல. முதல் வாரத்திலேயே சர்க்கரை சட்டென்று இறங்குவது கல்லீரலும் கணையமும் செய்கிற வேலை. சாப்பாடு குறைந்ததும் கல்லீரலில் தேங்கிய கொழுப்பு கரைகிறது, அது வெளியே விடும் குளுக்கோஸ் குறைகிறது. இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கு உணவு சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்விடுவதால் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் பல மடங்கு சுரந்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தட்டி எழுப்புகிறது. வெறும் வயிற்று இன்சுலினை வைத்துக் கணக்கிடும் ஹோமா எண் பெரும்பாலும் கல்லீரலின் நிலையைத்தான் காட்டும். அதைப் பார்த்து 'இன்சுலின் எதிர்ப்பு போய்விட்டது', அதாவது உடல் இன்சுலினுக்கு மறுபடி கட்டுப்படுகிறது, என்று பத்தாம் நாளே நோயாளியிடம் சொல்வது அவசரம்.

தசை மெதுவாக, எடை குறையக் குறைய, மாதக்கணக்கில்தான் திருந்துகிறது. தசை நாருக்குள் சேர்ந்திருந்த கொழுப்பும், அதிலிருந்து பிறக்கும் டைஅசைல்கிளிசரால், செராமைடு போன்ற கொழுப்புப் பொருள்களும் இன்சுலின் சிக்னலை மறிக்கின்றன. குளுக்கோஸை உள்ளே விடும் குளூட்-4 புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வர முடியாமல் போகிறது. எடை இறங்கும்போது இந்தத் தடை விலகுகிறது. இதில் ஆபரேஷனுக்கென்று தனி மாயம் குறைவு. 2020-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பைபாஸிலும் வெறும் உணவுக் கட்டுப்பாட்டிலும் சுமார் 18 சதவீத எடை குறைந்தவர்களை ஒப்பிட்டார்கள். கல்லீரல், தசை இரண்டிலும் இன்சுலின் வேலை ஏறக்குறைய ஒரே அளவுதான் மேம்பட்டிருந்தது.

சிக்கல் இங்கேதான். தசையின் தரம் கூடுகிற அதே மாதங்களில் அதன் அளவு குறைகிறது. இழக்கும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கொழுப்பு அல்லாத திசு. 35 கிலோ இறங்கினால் ஏழு முதல் ஒன்பது கிலோ வரை. இதில் தண்ணீரும் உண்டு, எல்லாமே தசை என்று பயப்பட வேண்டாம். ஆனால் முதல் ஆண்டு இழப்பில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. ஆறாம் மாத ரிவ்யூவில் கவனிக்கத் தொடங்கினால் பந்தி முடிந்தபின் இலை போட்ட கதைதான். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே பிஎம்ஐ-யில் (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) வெள்ளையர்களைவிடத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 பிஎம்ஐ-யிலிருந்தே ஆபரேஷனைப் பரிந்துரைக்க இடம் தருகிறது. அந்த வாசலில் வந்து நிற்பவரிடம் இழப்பதற்குத் தசைக் கையிருப்பு அதிகம் இல்லை.

இனி உணவுத் தாள். பல இடங்களில் திரவ உணவு நாட்களுக்கு எழுதித் தருவது ரசம், பார்லி கஞ்சி, இளநீர், ஆப்பிள் ஜூஸ். நாள் முழுக்கக் குடித்தாலும் ஐந்தாறு கிராம் புரதம் தேறுவது கடினம். தேவையோ குறைந்தது 60 கிராம். சிலருக்கு இலட்சிய எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் நெஃப்ராலஜிஸ்ட்டைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.) 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம், அதில் 15 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்தால் இன்னும் 5 கிராம். ஒரு ஸ்கூப் வே (பால் புரதம்) பவுடரில் 20 முதல் 25 கிராம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டோஸ் பெரும்பாலும் நீக்கிய வே ஐசோலேட். முழு முட்டை 6 கிராம், 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டை 15 கிராம், ரேஷன் துவரம் பருப்பு 30 கிராம் வேகவைத்தால் ஆறு கிராமுக்குச் சற்று மேல். இட்லி ஒன்றுக்கு இரண்டு கிராம்கூட நிச்சயமில்லை.

புரதம் உண்மையில் சரிவது வேறொரு கட்டத்தில். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டு வாந்தி வரும். ஒருமுறை வந்தால் போதும், ஆள் கறியையே விட்டுவிடுவார். ரஸ்க், பிஸ்கட், குழைந்த ரசம் சாதம் சிரமமில்லாமல் இறங்கும், அங்கேயே நின்றுவிடுவார். 'புரதம் நிறையச் சாப்பிடுங்க' என்ற ஒற்றை வரியால் இது தீராது. எண்ணெய் குறைத்த மீன் புட்டு, அரைத்த கோழிக்கறி, கலக்கிய முட்டை, மெத்தென்ற பன்னீர் என்று பதத்தோடு எழுதித் தாருங்கள். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு. தண்ணீர் அரை மணி நேரம் தள்ளி.

வாந்தி நிற்காதவருக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் உடனே குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவார்கள். தயமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். டிஸ்சார்ஜ் தாளின் தலைப்பிலேயே இதைச் சிவப்பில் அச்சிடுங்கள்.

உடற்பயிற்சிக்கு 'தினமும் வாக்கிங்' என்று எழுதுவது வழக்கம். பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பது நல்லதுதான், இன்சுலின் வேலைக்கும் உதவும். பைபாஸ் செய்தவர்களில் வாரம் 120 நிமிடமாவது ஏரோபிக் பயிற்சி செய்தவர்களுக்கு, எடை இழப்பில் வித்தியாசம் இல்லாமலே இன்சுலின் உணர்திறன் கூடுதலாக உயர்ந்தது என்று ஆய்வு உண்டு. தசை சுருங்கும்போது இன்சுலின் உதவியில்லாமலே குளூட்-4 மேலே வருகிறது. அந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும், அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. ஆனால் தசையின் அளவைக் காப்பாற்ற நடை போதாது. தையல் ஆறி, சர்ஜன் அனுமதித்ததும், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள், வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்குச் சுமை கொடுக்கும் எதிர்ப்புப் பயிற்சி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பேண்ட் இழுப்பது, படி ஏறி இறங்குவது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. முட்டி வலி இருந்தால் நாற்காலியில் பலகை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஜிம் இல்லை என்பது காரணமாகாது.

அளப்பதற்கும் பெரிய செலவில்லை. உடல் அமைப்பு காட்டும் பிஐஏ மெஷின் நீரிழப்பு உள்ள முதல் வாரங்களில் தவறான எண் காட்டும். வைத்திருந்தால் ஒரே மெஷினில், காலையில், ஒரே நிலையில் பாருங்கள். அதைவிட நம்பகமானது கைப்பிடி வலு அளவியும் ஒரு நாற்காலியும். 2019-ல் வந்த ஆசிய வரையறைப்படி கைப்பிடி ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் தசை வலுவின்மை. கையைப் பயன்படுத்தாமல் ஐந்து முறை உட்கார்ந்து எழ 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும் கவலைக்குரியது. 'மாடி ஏற லேசா இருக்கு டாக்டர்' என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். முப்பது கிலோ சுமை குறைந்தவருக்குத் தசை தேய்ந்திருந்தாலும் மாடி லேசாகத்தான் இருக்கும்.

மருந்து விஷயம் நீங்கள் அறிந்ததே, ஆனாலும் தவறுகிறது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி-2 மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரலாம். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடை வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் பழக்கத்தில் தொடரக் கூடாது.

நாங்கள் கேட்பது: ஆபரேஷனுக்கு முன்பும், பின் ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும் கைப்பிடி வலு, ஐந்து முறை எழும் நேரம், முந்தைய நாள் சாப்பிட்ட புரதக் கிராம் ஆகிய மூன்றும் அட்டையில் ஏறட்டும். முதல் மூன்று மாதத்தில் இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது விருப்பத் தேர்வாக இல்லாமல் பேக்கேஜுக்குள்ளேயே வரட்டும். அடுத்த முறை அட்டை அச்சடிக்கக் கொடுக்கும்போதே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
சென்னையைச் சேர்ந்த உணவியல் நிபுணர்கள், இயன்முறை மருத்துவர்கள், சர்க்கரை நோய் மருத்துவர்கள் சிலர்