பெண்குதிரையை விற்றுவிடாதே

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சேகருக்கு,

இங்கு எல்லோரும் நலம். நான்கு மாதங்களாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது தவறுதான், மன்னித்துவிடு. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணாச்சி தேக்காவில் அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறார்; உன் பழைய கணக்கை இன்னும் மறக்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடாமல் எழுத வைத்திருக்கிறது. கால்வேயில் நீ வளர்க்கும் சாம்பல்நிறப் பெண்குதிரையை இந்த ஆண்டு சினைக்கு விடப் போவதில்லை என்றும், நல்ல விலை வந்தால் கொடுத்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அயர்லாந்துக்குப் போன புதிதில், சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்த சீமையிலேயே குதிரை வாங்கிவிட்டேன் என்று எங்களையெல்லாம் அழைத்துப் பெருமையடித்தவன் நீ. அவளையா விற்பாய்?

உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இந்த மே மாதம் பொலிகுதிரையிடம் விட்டால், பதினொரு மாதம் கழித்து அடுத்த ஏப்ரலில் குட்டி பிறக்கும். அது நான்கு வயதாகிச் சேணம் தாங்கிப் பழகும்போது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் போயிருக்கும். தீவனம், லாடம், மருத்துவர், குதிரைக்கான கடவுச்சீட்டு, மரபணுச் சோதனை என்று அத்தனை செலவும் உன் தலையில் விழுகிறது. லாபமோ கடைசியில் வாங்கி விற்பவருக்குப் போகிறது. பந்தயக் குதிரைகளுக்கு அங்கே 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நிதி இருக்கிறது. அதில் 80 விழுக்காடு குதிரைப் பந்தயத்துக்கும் 20 விழுக்காடு நாய்ப் பந்தயத்துக்கும் போகிறது. தடை தாண்டும் போட்டிக் குதிரைக்கும், உன்னுடையதைப் போன்ற கன்னிமாரா மட்டக்குதிரைக்கும் அதில் பங்கு இல்லை. அவற்றை வளர்ப்பவர்கள் வேளாண் துறையின் உதவியைத்தான் நம்பியிருக்க வேண்டும். அந்த உதவி இனப்பதிவேட்டுச் சங்கங்கள், திட்டங்கள் வழியாக வருவதால் உன் லாயத்தை எட்டும்போது மெலிந்துவிடுகிறது என்று நீ குறைப்படுவதும் நியாயமே.

ஆனால் அதற்காக விலகுவது சரியில்லை, சேகர். வளர்ப்பவரே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். 2024 அக்டோபர் 5 அன்று, நாம் இருவரும் வேலை பார்த்த கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடியபோது நான் வேலியோரம் நின்றிருந்தேன். அதை நடத்தியது 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயக் கழகம். மூடப்போகிறோம் என்று 2023 ஜூனில் அறிவித்த பிறகு பதினாறு மாதங்களில் முடிந்தது. நம் கையால் குளிப்பாட்டிய குதிரைகளெல்லாம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் விமானத்தில் வந்தவை. இந்த மண்ணில் ஈன்று வளர்த்த ஒரு பரம்பரை இருந்ததில்லை. ஆகவே ஓட்டம் நின்றபோது காப்பாற்றிக்கொள்ளவும் எதுவும் மிஞ்சவில்லை. உன் ஊரில் மிஞ்சியிருப்பது அந்தப் பரம்பரைதான். பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுத்தரும் இடத்தில் இப்போது வேலை பார்க்கிறேன். ஆறு வயதுப் பெண் கழுத்தைக் கட்டிக்கொண்டாலும் அசையாமல் நிற்கும் ஒரு மட்டக்குதிரை கிடைப்பது எத்தனை அரிது என்று தினமும் உணர்கிறேன். அந்தப் பொறுமையில் பாதி பழக்கத்தில் வந்தாலும், மீதி தாயிடமிருந்து வருவதாகவே நான் நம்புகிறேன்.

அரசு பணம் கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் உன் ஊர்க் கதையே சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரசு வாரியம் கன்னிமாராவுக்கு ஹாக்னி என்ற இங்கிலாந்து வண்டிக்குதிரை இனத்தின் பொலிகுதிரைகளை அனுப்பியது. கல்லும் சேறும் நிறைந்த அந்த நிலத்துக்குப் பழகிய இனத்துக்கு அந்தக் கலப்பு ஒத்துவரவில்லை என்று வளர்ப்பவர்களே குறைகூறினார்கள். பிறகு 1923-இல் அவர்கள் சங்கம் அமைத்து, உள்ளூர்க் குதிரைகளையே தேர்ந்தெடுத்து இனத்தைக் காத்தார்கள். இப்போதும் அவர்கள்தான் அரசிடம் கேட்க வேண்டும். பரிசுத்தொகையைவிட, நல்ல பெண்குட்டியை வெளிநாட்டுக்கு விற்காமல் வைத்துக்கொள்பவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது பயன்படும். குளம்பின் சுவர் பிரியும் நோய்க்கான சோதனைச் செலவையும் அரசே ஏற்கலாம். அந்த நோயின் மரபணுவைச் சுமக்கும் இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வர வாய்ப்பிருக்கிறது, அது பிறந்தபின் வருந்திப் பயனில்லை.

உன் செலவுகளை ஐந்து ஆண்டுகளுக்கு வரிவரியாக எழுதி, சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து படி. நீ கூச்சப்படுவாய் என்று தெரியும். கிராஞ்சி லாயத்தில் தலைமைப் பயிற்சியாளரிடம் கூலி உயர்வு கேட்கவே என்னை முன்னே தள்ளியவன் நீ. இந்த முறை நானே வரைவை எழுதித் தருகிறேன், கணக்கை மட்டும் அனுப்பு. அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. அவளுடைய புகைப்படம் ஒன்றும் சேர்த்து அனுப்பு, அம்மா கேட்கிறார்.

அன்புடன்,
இளங்கோ